வீட்டு வைஃபையில் யாரோ புகுந்திருக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. இரண்டு வாரமாக இரவு 9 மணிக்கு மேல் இணையம் இழுக்கிறது, மகளின் டியூஷன் வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது. நேற்று என் கைப்பேசியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தேன். ரூட்டரின் வைஃபை விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டே இருந்தது. ரூட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.0.1க்குள் போய்ப் பார்த்தால், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் எங்களுடையது அல்லாத இரண்டு சாதனங்கள்!

இரண்டின் மேக் முகவரியையும் (நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) தடுத்தேன். அரை மணி நேரத்தில் வேறொரு முகவரி வந்து நின்றது. இப்போதைய கைப்பேசிகள் மேக் முகவரியை மாற்றிக் காட்ட முடியும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லையே இத்தனை நாளும் வைத்திருந்தோம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்தோம்.

சரி, இன்றிரவு கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல் இல்லாமலே பொத்தான் அல்லது பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வைக்கப் போகிறேன். சந்தேகம் இதுதான்: அம்மா அறையில் இருக்கும் பழைய கேமராவுக்கு டபிள்யூபிஏ2 என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும்தான் தெரியும். ரூட்டரை டபிள்யூபிஏ2, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் வைத்தால் அது ஒழுங்காக இணையுமா? உள்ளே வந்தவர் டிஎன்எஸ் அமைப்பை (இணையதளப் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தருவது) மாற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கேமராவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தெரிந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள்.