புதுப்பிப்பு: கதிர்வீச்சின்போது வைட்டமின் ஈ

மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் என் பெரியப்பாவுக்கு, சித்தப்பா வாங்கித் தந்த வைட்டமின் ஈ காப்ஸ்யூலைக் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மருத்துவர் டப்பாவைத் திருப்பி, 400 ஐ.யூ. (வைட்டமின் அளவைச் சொல்லும் அலகு) என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "சிகிச்சை முடியும்வரை இது வேண்டாம்" என்றார். கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகளும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கியும் புற்றுச்செல்களைச் சிதைப்பதால், அந்த மூலக்கூறுகளைத் தணிக்கும் காப்ஸ்யூல் நல்ல செல்லோடு புற்றுச்செல்லுக்கும் சேர்த்துக் குடை பிடித்துவிடக்கூடும் என்பது அவர் விளக்கம்.

கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு இதையே தொடுகிறது: வைட்டமின் ஈயும், தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) தரப்பட்ட பிரிவில் கடுமையான உடனடிப் பக்கவிளைவுகள் குறைந்தன; ஆனால் அதே இடத்தில் நோய் திரும்பும் போக்கு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. வாய்ப்புண்ணால் கஞ்சிகூட இறங்காமல் தவிப்பவரைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த முதல் பாதி மட்டுமே கண்ணில் படும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. (சித்தப்பாவுக்கு இன்னும் மனக்குறைதான்.) சாப்பாட்டு அளவில் காய்கனிகளுக்குத் தடையில்லை, சத்துப் பொடி, லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.