மாமி இல்லாத வீட்டுக்கு ஆறு அப்பிள்

கொட்டாஞ்சேனை மருமகன்:
என் மச்சான் சோமாலியாக் கடற்கொள்ளையரிடம் இரண்டு வருடத்துக்கு மேல் அகப்பட்டிருந்தான். கப்பலின் பெயர் வேண்டாம். 2010 நவம்பரில் பிடிபட்ட ஆல்பிடோ இல்லை, வேறு.

அவன் வருவதற்கு எட்டு மாதம் முன்பே மாமி போய்விட்டார். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய கடைக்குட்டி கப்பலில். மூத்தவன் கனடாவில், வர வழியில்லை. பொரளைக் கனத்தையில் என் பன்னிரண்டு வயது மகன்தான் வைத்தான். சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்தோம்.

கட்டுநாயக்காவிலிருந்து வரும்போது பேலியகொடையில் வாகனத்தை நிறுத்தச் சொன்னான். அம்மாவுக்கு அப்பிள் வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன். கடைக்காரனோடு விலை பேசி, குறைத்து, ஆறு அப்பிள் வாங்கினேன். செத்தவருக்கு வாங்கும் அப்பிளுக்குப் பேரம்! இன்றும் குடைகிறது.

வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான். அழவில்லை. "கொள்ளி வைத்தது யார்?" என்றான். மகன் முன்னால் வந்தான். மச்சான் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "சூடு பட்டதா?" என்று கேட்டான்.

வெள்ளவத்தை வாசகி:
அண்ணா, உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம் கிடைத்தது. சொல்லியிருக்கலாம். எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். காசு கேட்பதற்காகக் கொள்ளையரே வீட்டுக்குப் பேச வைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் என் தமையன் பேசினான். அப்பா இறந்து பதினொரு நாள். "அப்பாவிடம் கொடு" என்றான். "கோயிலுக்குப் போய்விட்டார்" என்றேன். "இந்த நேரத்திலா?" என்றான். இரவு பதினொரு மணி. பிறகு இருவரும் பேசவில்லை, லைன் துண்டிக்கும்வரை.

அந்த இரவே தனக்குத் தெரியும் என்று வந்த பிறகு சொன்னான். ஒளித்துவிட்டோம் என்பது நம் நினைப்பு மட்டும்தான். உங்கள் மச்சானிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய மாலுமி:
இரண்டு பேரும் பொய்யா உண்மையா என்பதிலேயே நிற்கிறீர்கள். நானும் அந்த நாட்களில் ஏடன் வளைகுடாவில் ஓடியவன். தளத்தைச் சுற்றி முட்கம்பி, ஒருநாள் தூரத்தில் ஒரு சிறு படகு, அவ்வளவுதான் என் கதை. ஆனால் மீண்டு வருபவரை எப்படி வைத்திருப்பது என்று யாரும் எழுதவில்லை. பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே விருந்து வைக்காதீர்கள். உடலின் உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள். ஊரைக் கூட்டாதீர்கள். எப்போது தூங்குவது, கதவைத் திறப்பதா மூடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பெய்ரூட்டில் 1985இல் கடத்தப்பட்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் டெரி அண்டர்சன் 1991இல்தான் வெளியே வந்தார். இடையில் தகப்பனையும் சகோதரனையும் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. அப்படி வருபவர் பழைய துக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறார். வீட்டாருக்கோ அது ஆறிப்போயிருக்கும். இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொன்று, சம்பளம். கொள்ளையரிடம் இருக்கும் காலத்துக்கும் சம்பளம் உண்டு என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை 2018இல் திருத்தினார்கள். 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கேட்டு வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை மருமகன்:
ஐயா, அவன் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அவன் உடம்புக்கு விருந்தைக் குறைப்பதுதான் எங்கள் பாடு.

தங்கச்சி சொன்னதற்காக நேற்று கேட்டேன், வழியிலேயே தெரியுமா என்று. "நீங்கள் விலை பேசியபோது தெரிந்தது அத்தான். ஒருநாளும் பேசாதவர்" என்றான்.