குடமுருட்டிக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு, காலை 7.12

கலா அத்தை: (பல முறை முன்னனுப்பப்பட்டது) அவசரச் செய்தி!! கும்பகோணம் தனி மாவட்டம் உறுதி!! வலங்கைமான் தாலுகா கும்பகோணத்தோடு இணைகிறது!! ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் மாற்றத் தயாராகுங்கள்!! பத்துப் பேருக்குப் பகிரவும்!!

கலா அத்தை: நிஜமா அண்ணா

செல்வி சித்தி: போன தேர்தலுக்கும் இதே வந்தது

ரமேஷ் அண்ணன்: அப்படியே எங்களையும் சிங்கப்பூரோடு சேர்க்கச் சொல்லுங்கள்

சேகர் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். இது வதந்தி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடப்பதால் 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை மாவட்டம், தாலுகா, ஊர் எல்லை எதிலும் கை வைக்கக் கூடாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது எல்லையை நகர்த்தினால் யார் எந்த ஊர்க் கணக்கு என்று குழம்பிவிடும். நாம் 1997 வரை தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூர் மாவட்டம் உண்டானபோது மற்ற தாலுகாக்கள் நாகப்பட்டினத்திலிருந்து வந்தன, நம் தாலுகா ஒன்றுதான் தஞ்சாவூரிலிருந்து போனது. கும்பகோணம் மாவட்டக் கோரிக்கை பழைய கோரிக்கை, அது வேறு கதை. தாலுகா ஆபீஸில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

செல்வி சித்தி: நம்மைக் கேட்டா அனுப்பினார்கள்

முருகேசன் சித்தப்பா: பின்கோடு 612, கும்பகோணத்தோடது. வண்டி நம்பர் 50, திருவாரூர். ஆஸ்பத்திரி கும்பகோணம். கலெக்டர் திருவாரூர். எம்எல்ஏ நன்னிலம்

நான்: சித்தப்பா அருமை

சேகர் பெரியப்பா: வலங்கைமான் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில்தான் போனது.

முருகேசன் சித்தப்பா: ஆமாம், நம்மிடமிருந்து போவது மட்டும் ஒழுங்காகப் போகும்

கலா அத்தை: கும்பகோணம் பத்து கிலோமீட்டர். கலெக்டரிடம் மனு கொடுக்க ஒரு நாள் சம்பளம் போகிறது

முருகேசன் சித்தப்பா: குடவாசல் வழி போனால் சீக்கிரம்

சேகர் பெரியப்பா: நீடாமங்கலம் வழிதான் நல்லது. ரோடு நன்றாக இருக்கும்.

முருகேசன் சித்தப்பா: ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறீர்களா அண்ணே

சேகர் பெரியப்பா: நான் போன காலத்தில் நின்றதில்லை

செல்வி சித்தி: ஆபீஸ் ஜீப்பில் போனவருக்கு எந்த வழியும் நல்ல வழி

8.03

செல்வி சித்தி: இந்தப் பேச்சை விடுங்கள். நாளைக்குக் கணக்கெடுக்கும் டீச்சர் நம் தெருவுக்கு வருகிறார். முன்கட்டை எப்படி எழுதச் சொல்வது

நான்: எல்லோரையும் ஒரே வீடாக எழுத முடியாதா

சேகர் பெரியப்பா: விளக்குகிறேன். இப்போது நடப்பது வீட்டுக் கணக்கு. மொத்தம் 33 கேள்வி. தரை என்ன, கூரை என்ன, எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை, எதில் சமைக்கிறீர்கள், என்ன தானியம் சாப்பிடுகிறீர்கள், வண்டி, இன்டர்நெட், இப்படிப் போகும். தலைக் கணக்கு 2027 பிப்ரவரியில், அப்போது சாதியும் கேட்பார்கள். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரை ஒன்றாக இருந்தாலும் அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. 2021-இல் எடுத்திருக்க வேண்டியது, கொரோனாவில் தள்ளிப்போனது. இன்னும் 2011 கணக்கை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறது.

முருகேசன் சித்தப்பா: டெல்டாக்காரனிடம் என்ன தானியம் என்று ஒரு கேள்வியா

செல்வி சித்தி: ஒரே சமையல் என்றால் அத்தை, உங்கள் அம்மா, எங்கள் கணக்கு. மூன்று வேளையும் பின்கட்டில்தான் சாப்பாடு

சேகர் பெரியப்பா: அம்மா படுப்பது முன்கட்டில்.

செல்வி சித்தி: படுக்கையைப் பற்றியா சொன்னீர்கள், அடுப்பைப் பற்றித்தானே

கலா அத்தை: அடுப்பு ஏன் இரண்டானது என்று ஆரம்பிக்காதீர்கள்

முருகேசன் சித்தப்பா: யாரும் ஆரம்பிக்கவில்லை

செல்வி சித்தி: அந்தப் பொங்கலுக்கு நான் இரண்டு பானை வைக்கச் சொல்லவில்லை

முருகேசன் சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நான்: அப்படியானால் முன்கட்டு?

சேகர் பெரியப்பா: ஆள் இல்லை என்றால் காலி வீடு என்று குறிப்பார்கள். அது சரியாக இருக்காது. அப்பா கட்டிய வீடு. நான் தீபாவளி, பொங்கலுக்கு வந்து தங்குகிறேன்.

ரமேஷ் அண்ணன்: வருஷத்துக்கு நாலு நாள்

சேகர் பெரியப்பா: நீ இரண்டு வருஷமாக வரவில்லை.

கலா அத்தை: பட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அண்ணா, அதைச் சொல்லுங்கள்

சேகர் பெரியப்பா: கிடையவே கிடையாது. 1948 சட்டப்படி கணக்கெடுப்பில் எழுதிய தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள், கோர்ட்டில் சாட்சியாகவும் எடுக்க மாட்டார்கள்.

செல்வி சித்தி: அப்புறம் எதற்கு இந்தப் பயம்

8.31

செல்வி சித்தி: (குரல் செய்தி, 48 விநாடி)

செல்வி சித்தி: அத்தை பேசியது. கேட்க முடியாதவர்களுக்கு: பேரன் பேத்தி எல்லார் பெயரையும் டீச்சரிடம் சொல்லணுமாம். பதினேழு பேரும் வரணுமாம். ஒருத்தர் விட்டாலும் சாப்பிட மாட்டாராம்

நான்: அப்பாயி!

சேகர் பெரியப்பா: அப்படி எழுத முடியாது. ஆறு மாதமாக எங்கே இருக்கிறோமோ, அல்லது இனி ஆறு மாதம் எங்கே இருக்கப்போகிறோமோ, அதுதான் நம் இடம். பிரியா சென்னை. நான் தஞ்சாவூர். கலா கும்பகோணம். ரமேஷ் எங்குமே வர மாட்டான், வெளிநாடு.

ரமேஷ் அண்ணன்: எங்குமேவா

செல்வி சித்தி: அதனால்தான் 2011-இல் நம் மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,017 பெண். டீச்சர் போன தடவை மகளிர் குழுவில் சொன்னார். ஆம்பளைகள் திருப்பூரிலும் துபாயிலும், கொல்லையில் உளுந்து பறிக்க நாங்கள்

சேகர் பெரியப்பா: சரியான எண். மாவட்ட மக்கள்தொகை 12,64,277. அதில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில். மலை இல்லை, பெரிய தொழிற்சாலை இல்லை. குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வாய்க்கால், வயல். தண்ணீர் ஜூன் 12-இல் மேட்டூரிலிருந்து திறந்தால் குறுவை, இல்லை என்றால் சம்பா மட்டும். நம் பேரூராட்சி பத்தாயிரத்துக்கு மேல், அவ்வளவுதான். படித்த பிள்ளை இருக்க என்ன இருக்கிறது?

முருகேசன் சித்தப்பா: நான் இருக்கிறேன்

சேகர் பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை.

ரமேஷ் அண்ணன்: மாரியம்மன் கோயில் பாடைக்காவடி அன்று, வேண்டிக்கொண்டவர்கள் பாடையில் படுத்து வரும் அன்று, எண்ணச் சொல்லுங்கள். பங்குனி இரண்டாம் ஞாயிறு ஊர் கும்பகோணத்தை மிஞ்சிவிடும்

சேகர் பெரியப்பா: கணக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவு நிலவரப்படி. பங்குனி அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பிறக்கும்.

முருகேசன் சித்தப்பா: பாடையில் படுத்திருப்பவரை உயிரோடு எழுதுவதா இல்லையா

கலா அத்தை: மாரியம்மன் விஷயத்தில் விளையாடாதே

ரமேஷ் அண்ணன்: சித்தப்பா, தீபாவளிக்குப் பட்டாசு இப்போதே வாங்கி வையுங்கள். இந்தத் தடவை வருகிறேன்

செல்வி சித்தி: போன தடவை வாங்கியதே பரணில் நமத்துக் கிடக்கிறது

நான்: அப்பாயியிடம் என்ன சொல்வது

செல்வி சித்தி: நான் ஒரு நோட்டில் பதினேழு பெயரையும் எழுதிக் காட்டிவிடுகிறேன். டீச்சர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்

சேகர் பெரியப்பா: அரசாங்கக் கணக்கில் அப்படி ஏமாற்றக் கூடாது.

செல்வி சித்தி: அரசாங்கத்தை எங்கே ஏமாற்றுகிறேன், உங்கள் அம்மாவைத்தான்

கலா அத்தை: அண்ணா, நாளைக்கு நீங்களே வந்து முன்கட்டைத் திறந்து பேசிவிடுங்கள்

முருகேசன் சித்தப்பா: சாவி அண்ணனிடம்தானே. அம்மா திண்ணை அறையில் இருக்கிறார், கூடம் பூட்டித்தான் கிடக்கிறது

சேகர் பெரியப்பா: சாமான் இருக்கிறது, அதனால் பூட்டினேன்.

கலா அத்தை: வருகிறீர்களா இல்லையா

சேகர் பெரியப்பா: பார்க்கலாம்.

செல்வி சித்தி: பார்க்கலாம் என்றால் உங்களுக்கு உலை வைக்கணுமா வேண்டாமா