வல்லெட்டா நகருக்கு உரியவர் யார், லாபரெல்லியா கசாரா?

தென்மதில் கேட்டது:
மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நகரத்துக்குத் திட்டம் போட்டவர் இத்தாலியின் கொர்தோனா ஊரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ லாபரெல்லி என்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவர்கள் பார்க்கும் பெரிய கட்டடங்கள், புனித யோவான் பேராலயம் உட்பட, ஜெரோலமோ கசார் கட்டியவை. 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டுகிறார்கள், 1569-லேயே லாபரெல்லி கிளம்பிவிடுகிறார். பாதியில் விட்டுப் போனவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கொத்தளம்:
பாதியில் விட்டுப் போனார் என்பதை நான் ஏற்க மாட்டேன். அவரை அழைத்தது மதில் எழுப்ப, மாளிகை கட்ட அல்ல. 1521-ல் பிறந்தவர், போப்பாண்டவரின் வேலையில் இருந்த ராணுவப் பொறியாளர். ரோமில் சாந்த் ஆஞ்செலோ கோட்டையின் அரண்களிலும் சிவிதவெக்கியா துறைமுகக் கோட்டையிலும் வேலை செய்தார், புனித பேதுரு பேராலயப் பணியில் மைக்கலாஞ்சலோவுக்கும் உதவியிருக்கிறார். 1565-ல் துருக்கியர் மால்டாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள், ஆனால் தீவு நொறுங்கிப் போய்க் கிடந்தது, மால்டாவையே விட்டுப் போய்விடலாமா என்ற பேச்சு கூட அப்போது தீவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவிகள் சபைக்குள் ஓடியது. அந்த நேரத்தில்தான் போப் நான்காம் பயஸ் இவரை அனுப்புகிறார். 1565 டிசம்பர் கடைசியில் வந்து இறங்கியவர், சில நாட்களிலேயே இடத்தைப் பார்த்து, புதுக் கோட்டை நகரம் எங்கே, எப்படி வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இடத்தைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே நீளும் சிபெராஸ் குன்றின் நுனியில் செயின்ட் எல்மோ கோட்டை இருந்தது. குன்றின் மேடு காலியாகக் கிடந்ததால் துருக்கியர் பீரங்கிகளை அங்கே ஏற்றி அடித்தார்கள், கோட்டை ஜூன் 23 அன்று விழுந்தது. அந்த மேட்டை இனி எதிரி பிடிக்கவே கூடாது என்றால் அதன் மேல் நாமே ஊர் கட்டி உட்கார்ந்துகொள்வதுதான் வழி. குன்றில் ஊர் வேண்டும் என்ற யோசனை அதற்கு முன்பே இருந்ததுதான், ஆனால் அதைச் செய்யக்கூடிய திட்டமாக்கியது இவர்.

பாறைவெட்டி:
இன்னொன்றையும் சேர்க்கிறேன். மூன்று பக்கமும் கடல், அதனால் ஆபத்து முழுக்க நிலம் சேரும் அந்த ஒரு பக்கத்தில். அங்கே பாறையை ஆழமாக வெட்டி அகழி, அதற்குப் பின்னால் நான்கு கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடைகள். பழைய காலத்து உயரமான மெல்லிய சுவர் பீரங்கிக்குத் தாங்காது. அதனால் தாழ்ந்த, தடித்த, சாய்ந்த மதில். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுட்டால் அடுத்த மதிலின் அடியில் ஒளிந்திருப்பவனும் தப்ப முடியாது. இத்தாலியர்கள் பதினாறாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

நேரமும் இல்லை, அடுத்த கோடையிலேயே துருக்கியர் திரும்பி வருவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 1566-ல் சுல்தான் சுலைமான் ஹங்கேரிப் பக்கம் படையெடுத்துப் போய் அங்கேயே இறந்தது இவர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். அவசரத்தாலும் பணத் தட்டுப்பாட்டாலும் சில திட்டங்கள் கைவிடப்பட்டன. குன்றைச் சமமாக்கும் எண்ணம் நடக்கவில்லை, அதனால்தான் இன்றும் பல தெருக்களில் படிக்கட்டு. மதிலுக்குப் பின்னால் உயர்ந்து நின்று பீரங்கி சுட ஒன்பது உயர் மேடைக் கோட்டைகள் திட்டத்தில் இருந்தன, கட்டியது இரண்டு. போர்க்கப்பல் நிறுத்தத் தோண்டத் தொடங்கிய உள்துறைமுகமும் முடியவில்லை, அந்தப் பள்ளம் பிற்பாடு ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்பாக ஆனது.

தென்மதில்:
சரி, மதில் விஷயம் புரிகிறது. அப்படியானால் தெருக்கள் நேர்கோட்டில் கட்டம் கட்டமாக இருப்பது யார் வேலை? அவர் அப்புறம் எங்கே போனார்?

கொத்தளம்:
கட்ட அமைப்பு லாபரெல்லியின் திட்டம்தான். படை சட்டென்று மதிலுக்கு ஓட நேர்த்தெரு வேண்டும், கடல் காற்றும் உள்ளே வரும். அவர் கிளம்பியபோது மதிலின் பெரும்பகுதி எழுந்திருந்தது, மிச்சம் இருந்தது வீடும் கோயிலும் விடுதியும். அதற்கு உள்ளூர்க்காரரான அவருடைய உதவியாளர் கசார் போதும், கசாரும் அற்புதமாகச் செய்தார். ஆகவே யாருக்குப் பெருமை என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஆனால் கசாரின் பேராலயத்தைப் பார்த்துவிட்டு மதிலைக் கவனிக்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

லாபரெல்லி ஓய்வெடுக்கப் போகவில்லை. 1570-ல் துருக்கியர் சைப்ரஸைத் தாக்கியபோது, அதை மீட்க மார்கன்தோனியோ கொலோனா தலைமையில் போன போப்பாண்டவரின் கப்பற்படையில் சேர்ந்தார். படை கிரீட் தீவைத் தாண்டிப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை, கப்பல்களில் கொள்ளைநோய் பரவியது, அதே வருடம் அக்டோபரில் கிரீட்டின் கேண்டியா நகரில் லாபரெல்லி இறந்துபோனார், வயது 49. வீரத்துறவிகள் 1571 மார்ச்சில்தான் வல்லெட்டாவுக்குத் தலைமையிடத்தை மாற்றினார்கள், அதைப் பார்க்க அவர் இல்லை. கட்டுமானம் பற்றி அவர் எழுதிய குறிப்புகளும் வரைபடங்களும் கொர்தோனாவில் பாதுகாக்கப்பட்டன. அந்த வரைபடங்களின் படம் எங்காவது கிடைத்தால் முதலில் நிலப்பக்கத்து மதிலைப் பாருங்கள் தென்மதில், கொத்தளங்கள் ஒன்றையொன்று எப்படிக் காக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.