ஸ்ரீ ராக வர்ணம்: முக்தாயி ஸ்வரத்தில் அந்த ஒரு ‘த’

ரேழிவீணை:
போன வாரம் நான் போட்ட கல்யாணி கிருதிக்குக் கீழே தம்புராமாமா போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: “ஸ்ரீ ராகத்தில் தைவதமே, அதாவது ‘த’ ஸ்வரமே, கிடையாது. அதில் த போடுகிறவர்கள் மத்யமாவதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.” ஸ்ரீயில் வர்ணம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். யாருக்கு விழுந்த குத்து என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. இதோ முக்தாயி ஸ்வரத்தின் (பல்லவிக்குத் திரும்புவதற்கு முந்தைய ஸ்வரப் பகுதி) கடைசி ஆவர்த்தனம், அதாவது கடைசித் தாளச் சுற்று. ஆதி தாளம் (ஒரு லகு, பிறகு இரண்டு துருதம், நடுவில் கோடு), கமா ஒரு மாத்திரை நீட்டல், கடைசி துருதத்தில் ‘நி ப நி’ மந்த்ர (கீழ்) ஸ்தாயி.

ரி , ம ப நி ப ம ரி க ரி ஸ , ரி ம ப , | ப த நி ப ம ரி க | ரி ஸ நி ப நி , ஸ , ||

பல்லவிக்குத் திரும்புவது இயல்பாக இருக்கிறதா, சொல்லுங்கள்.

தம்புராமாமா:
இயல்பு இருக்கட்டும். தியாகராஜரின் ஸ்ரீ ராகக் கீர்த்தனை ‘எந்தரோ மஹானுபாவுலு’ முழுக்கத் தேடி ஒரு தைவதம் காட்டும்மா. ஐயர்வாளுக்கு அத்தனை சரணத்திலும் தேவைப்படாத ஸ்வரம் உனக்கு ஒரே துருதத்தில் தேவைப்படுகிறதா? எங்கள் பாடாந்தரத்தில், குரு வழி வந்த பாடத்தில், ஸ்ரீ என்றால் ஸ ரி ம ப நி ஸ, ஸ நி ப ம ரி க ரி ஸ. அவ்வளவுதான்.

எட்டயபுரத்தான்:
மாமா, உலகம் உங்கள் பாடாந்தரத்தோடு முடிந்துவிடவில்லை. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சானது. முத்துஸ்வாமி தீட்சிதர் பரம்பரையில் 22-வது மேளத்துக்கே (தாய் ராகத்துக்கே) பெயர் ஸ்ரீ ராகம். ராகாங்க ராகம், அதாவது மேளத்தின் தலைமை ராகம், என்றால் ஏறும்போதோ இறங்கும்போதோ ஏழு ஸ்வரமும் வந்தாக வேண்டும். த இல்லாமல் ஏழு எங்கிருந்து வரும்? அந்த ஏழாவது வந்து உட்காரும் இடம்தான் ‘ப த நி ப ம’. அல்பப் பிரயோகம், அபூர்வமாக வருவது.

வில்லும்நாணும்:
அல்பம் என்றால் எவ்வளவு? பாட்டுக்கு ஒன்றா, ஆவர்த்தனத்துக்கு ஒன்றா? யாராவது முதலில் அதைச் சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளுங்களேன்.

தம்புராமாமா:
பிரதர்சினியை எடுத்துக்கொண்டு வருவார் என்று தெரியும். இவர் வீட்டில் வேறு புத்தகமே கிடையாது. நான் கேட்டது எந்தரோவில் ஒரு தைவதம். அது வரவில்லை, கவனித்தீர்களா?

மாத்திரைக்கணக்கு:
போட்ட ஒரே ஆவர்த்தனத்திலேயே தப்பு இருக்கிறது. வர்ணத்தில் ஆதி தாளத்துக்கு 16, 8, 8, ஆக 32. லகு சரி. கடைசி துருதம் சரி. நடு துருதத்தில் ஏழுதான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்.

எட்டயபுரத்தான்:
எந்தரோவில் இல்லை என்று நானும்தான் சொல்கிறேன். ஒரு கீர்த்தனையில் இல்லாதது ராகத்திலேயே இல்லை என்று எப்படி ஆகும்? ஸ்ரீயில் தைவதம் பெருங்காயம் மாதிரி. எல்லாச் சமையலிலும் போட வேண்டியதில்லை. போட்டால் குற்றமும் இல்லை.

தம்புராமாமா:
பெருங்காயம் பாயசத்தில் போடுகிறீரா? ஒரு தைவதம். எந்தரோவில். காட்டும்.

ரேழிவீணை:
மாத்திரைக்கணக்கு சார், அங்கே ஒரு கமா இருந்தது. போனில் அடிக்கும்போது விழுந்துவிட்டது.

மாத்திரைக்கணக்கு:
எங்கே இருந்தது? ‘ம’வுக்குப் பிறகு இருந்தால் ‘ப த நி ப ம , ரி க’, யாருக்கும் தொந்தரவில்லை. ‘த’வுக்குப் பிறகு இருந்தால் ‘ப த , நி ப ம ரி க’, தைவதம் இரண்டு மாத்திரை நிற்கும். இரண்டும் ஒன்றில்லை.

தம்புராமாமா:
ஆஹா! தைவதம் தீர்க்கமா! பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்குப் போகும் வழியில் தொட்டும் தொடாமலும் போவது என்றுதானே இவர்கள் புத்தகத்தை விரிக்கிறார்கள்? இப்போது அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தாயிற்று.

எட்டயபுரத்தான்:
அவர் எங்கே கமா என்று இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் நாற்காலியா? பத்து வருஷமாக நீங்கள் இப்படித்தான். என் மணிரங்கு ராக உருப்படியில் ‘ம க ரி’ வந்ததற்கே ஸ்ரீ கெட்டுப்போயிற்று என்று சண்டைக்கு வந்தவர் நீங்கள். மணிரங்கில் ‘ம க ரி’ வராமல் வேறெங்கே வரும்?

தம்புராமாமா:
அது மணிரங்கு என்று மேலே எழுதியிருந்ததால்தான் மணிரங்கு. கேட்டால் ஒன்றும் தெரியவில்லை.

டொரொண்டோ மீனா:
இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் நான் மியூஸ்ஸ்கோரில் ஸ்டாஃப் நொட்டேஷனாகவே எழுதிவிடுகிறேன். மாத்திரை குறைந்தால் மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் தட்டினால் ஸ்தாயிப் புள்ளியும் சரியாக வருவதில்லை. ரேழிவீணை, கல்யாணியில் நீங்கள் மேல் ஸட்ஜத்துக்கு ‘ஸ்’ என்று புள்ளி வைத்திருந்தீர்கள். என் பெண் அதை ‘இஸ்’ என்று பாடிவிட்டாள்.

தம்புராமாமா:
வந்துவிட்டார்கள், பியானோக் கட்டையில் காந்தாரத்தைத் தேடுகிறவர்கள். கம்பிதத்துக்கு, ஸ்வரத்தை அசைக்கிற கமகத்துக்கு, உங்கள் ஐந்து கோட்டில் எங்கே இடம்?

டொரொண்டோ மீனா:
சின்னசாமி முதலியார் 1890-களிலேயே நம் உருப்படிகளை ஐந்து கோட்டில் அச்சடித்தவர். அவரிடம் போய்க் கேளுங்கள் இடம் எங்கே என்று.

எட்டயபுரத்தான்:
அதே முதலியார் தூண்டியதில்தான் பிரதர்சினியே வந்தது. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று தனித்தனிக் குறி போட்ட புத்தகம். ரேழிவீணை அம்மா, உங்கள் நொட்டேஷனில் ஒரு கமகக் குறிகூட இல்லை. முதல் ‘ரி’க்கும் நடு ‘நி’க்குமாவது ஒரு அலை போடக் கூடாதா?

வில்லும்நாணும்:
வாசித்துப் பார்த்தேன். லகு பஞ்சமத்தில் நின்று முடிகிறது, துருதம் மறுபடி பஞ்சமத்திலேயே தொடங்குகிறது. வில்லைத் திருப்ப வேண்டியிருக்கிறது, பாடுகிறவர்களுக்கும் அங்கே மூச்சு இடிக்கும். இரண்டாம் காலத்தில் அந்த ‘த’ காதில் விழவே விழாது. இதற்காகவா இவ்வளவும்?

தம்புராமாமா:
காதில் விழாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதானே? நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கோலாட்டம்:
ஒரு சந்தேகம். வர்ணத்தின் சாஹித்யம் ஏன் தெலுங்கு? ரேழிவீணை அக்காவுக்குத் தெலுங்கு தெரியாது என்று அவரே சொன்னார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கி இத்தனை காலம் ஆன பிறகும் ‘நின்னு கோரி’ என்று எழுதினால்தான் வர்ணமா?

ரேழிவீணை:
அம்பாளைக் கூப்பிட எனக்கு எந்த மொழியும் சரி. என் தெலுங்கைத் தெலுங்கு தெரிந்தவர்கள் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்புராமாமா:
திருத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும். சாஹித்யத்தில் முத்திரை (இயற்றியவரின் அடையாளப் பெயர்) வேறு! ஒரு வர்ணம் எழுதி முடிப்பதற்குள் முத்திரை!

எட்டயபுரத்தான்:
முத்திரை வைத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது? முத்துஸ்வாமி தீட்சிதரின் குருகுஹ முத்திரைக்கு யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கினார்கள்?

தம்புராமாமா:
குருகுஹவோடு இவரை வைத்துப் பேசுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை? நான் போகிறேன்.

மாத்திரைக்கணக்கு:
போவதற்கு முன்னால் யாராவது அந்தக் கமாவை எங்கே வைப்பது என்று சொல்லிவிட்டுப் போங்கள். அம்மா, நீங்களாவது?

ரேழிவீணை:
‘த’வுக்குப் பிறகுதான் வைக்கப் போகிறேன். பிடிக்காதவர்கள் பாட வேண்டாம்.

எட்டயபுரத்தான்:
அம்மா, கொஞ்சம் பொறுங்கள், அது தீர்க்கமாகக் கூடாது...

தம்புராமாமா:
பார்த்தீர்களா? இப்போது புத்தகக்காரரே கூடாது என்கிறார். எந்தரோவில் இல்லை என்று அன்றே சொன்னேன்.

எட்டயபுரத்தான்:
நான் சொல்வது வேறு, நீங்கள் சொல்வது வேறு. த உண்டு. குறில். உண்டு.

தம்புராமாமா:
கிடையாது. தைவதமே இல்லாமல் ஸ்ரீயில் ஒரு வர்ணம் விஜயதசமிக்குப் போடுகிறேன். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

வில்லும்நாணும்:
போன ஆராதனைக்கும் இதையேதான் சொன்னீர்கள் மாமா.

தம்புராமாமா:
பாட்டு எப்போதோ தயார். ஸ்வரப்படுத்தித் தர நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை.