சி-பெப்டைடு: ‘இணைப்பிழை’ வேண்டாம், ‘இடையிழை’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

சி-பெப்டைடு என்பது கணையம் இன்சுலின் சுரக்கும்போது உடன் வெளிவரும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு இழை. உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய இதை அளப்பார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘இணைப்பிழை’ என்று நேற்று முன்மொழிந்த ஐயாவின் காரணம், அதாவது பெயரில் ‘இணைப்பு’ வேண்டும் என்பது, எனக்கும் உடன்பாடே. ‘சி’ என்பது ‘இணைக்கும்’ என்ற பொருள் தரும் சொல்லின் முதலெழுத்து. தமிழ்ப் பெயரிலும் அது தெரிய வேண்டும். ஆனால் ஆய்வகத் தாளில் ‘இணைப்பிழை: குறைவு’ என்று அச்சாகி வந்தால் என்ன ஆகும்? நாம் இணைப்பு + இழை என்று பிரிக்கிறோம். நோயாளி பிழை என்று படிப்பார். பிழை குறைவுதானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். உண்மையில் அவருடைய கணையம் ஓய்ந்துகொண்டிருக்கும்.

‘இடைத்துண்டு’ எளிய சொல்தான். என்றாலும் இடுப்பில் கட்டும் துண்டே முதலில் நினைவுக்கு வருகிறது.

‘சி-பெப்டைடு’ என்றே விட்டுவிடலாம் என்கிறவர்களுக்கு ஒன்று. என் சித்தப்பா மகனுக்கு 34 வயதில் சர்க்கரை நோய் வந்தது. வயதைப் பார்த்து இரண்டாம் வகை (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாதது) என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கூடிக்கொண்டே போனது. அவன் இளைத்துக்கொண்டே வந்தான். சி-பெப்டைடு சோதனை எடுத்த பிறகுதான் முதல் வகை (இன்சுலின் சுரப்பே ஓய்ந்துபோவது) என்ற உண்மை தெரிந்து இன்சுலினுக்கு மாற்றினார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் கேட்டது: “அண்ணா, எனக்கு வைட்டமின் சி குறைவா?” அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் தேடுகிறேன்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில், இன்சுலினுக்கு முன்னோடியாக இருப்பது 86 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே நீள இழை. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஸ்டெய்னர் கண்டறிந்து 1967-இல் வெளியிட்ட புரோஇன்சுலின் அதுதான். ஒரு முனையில் பி இழை, மறுமுனையில் ஏ இழை, நடுவில் 31 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதி. நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் எஞ்சுவது இன்சுலின். வெட்டுண்ட பகுதிதான் சி-பெப்டைடு. அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இன்சுலினோடு இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலினில் ஏறக்குறையப் பாதியைக் கல்லீரலே எடுத்துக்கொள்ளும். மீதியும் சில நிமிடங்களில் குறைந்துவிடும். சி-பெப்டைடின் அரைவாழ்வோ (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் அரை மணி நேரம். ஊசியில் ஏற்றும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால்தான் ஊசி போட்டுக்கொள்பவரிடம்கூடச் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று அறிய முடிகிறது.

ஆகவே ‘இடையிழை’. டி.என்.ஏ. இழை என்று பள்ளியிலேயே பழகிய சொல் இது. ஏ இழை, பி இழை, இடையிழை என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்று இணைத்தது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘வெறும் வயிற்று இடையிழை’, ‘சிறுநீர் இடையிழை’ என்று கூட்டினாலும் நாக்கில் இடறவில்லை. பெப்டைடு என்ற பொதுச்சொல் அப்படியே இருக்கட்டும். அதையும் இப்போதே மாற்றப் புகுந்தால் இரண்டும் நிற்காது.

இந்தச் சொல்லுக்கான வரைவு விளக்கத்தில் ‘இரத்த இன்சுலின் அளவைக் காட்டுவது’ என்று இருப்பதையும் திருத்த வேண்டும். இது காட்டுவது உடலின் சுரப்பை; அதுவும் எப்போதும் சரியாக அல்ல. இடையிழையை இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீக்குவது சிறுநீரகம். அது பழுதானவர்களிடம் சுரப்பு கூடாமலே அளவு கூடித் தெரியும். என் வரைவு இது:

இடையிழை: புரோஇன்சுலினிலிருந்து வெட்டுண்டு, இன்சுலினோடு சம எண்ணிக்கையில் வெளிப்படும் பெப்டைடு. உடல் தானே சுரக்கும் இன்சுலினை மதிப்பிட உதவும். முதல் வகையா இரண்டாம் வகையா என்ற ஐயம் எழும்போது, லிட்டருக்கு 200 பிக்கோமோலுக்குக் கீழே இருந்தால் கடும் இன்சுலின் குறைபாடு. 600-க்கு மேல் இருந்தால் இரண்டாம் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுநீரகச் செயலிழப்பில் அளவு உயர்ந்து காணப்படலாம்.