கோச்சா, மனநல மருத்துவரா? (கேட்பது ஒரு டாக்டர்)

சீமாங்க்_இரவு:
எனக்கு 38 வயது. அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக 11 வருடம். பிப்ரவரியில் ஒரு தாய் இறந்துபோனார். இரண்டாவது பிரசவம், குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கவே இல்லை. மேல் மருத்துவமனைக்கு அனுப்ப 108 வந்து நின்றபோது பிபி இறங்கிவிட்டது. மரணத்தை ஆராயும் ஆடிட்டில் எல்லாரும் கேட்டது, "ஏன் அரை மணி முன்னாலேயே அனுப்பவில்லை?" என்று. கேஸ் ஷீட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் 2.40 என்று நேரம் போட்டிருந்தேன். இப்போது தினமும் ஏறக்குறைய அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. போன வாரம் வலியில் கத்திய ஒரு பெண்ணிடம், "சும்மா இரும்மா, உனக்கு மட்டும்தான் வலியா?" என்று எரிந்து விழுந்தேன். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

கணவர் வேலையை விட்டுவிடு என்கிறார். கூடப் படித்த தோழி ஒரு கோச்சை (வேலை, வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டும் பயிற்சியாளர்) சொல்கிறாள்: ஆன்லைன், 6 அமர்வு, 24,000 ரூபாய். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், அவர் ஓபி என் ஓபிக்கு எதிர் அறை. மருந்துச் சீட்டு ஃபார்மசிக்குப் போனால் மறுநாள் கேன்டீன் வரை தெரிந்துவிடும். யாராவது போயிருக்கிறீர்களா?

மயக்கமருந்து_மாமா:
மேடம், நான் கோச்சிடம் போனேன். ஒரு வாரம் முழுக்க எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதச் சொன்னார். ஆபரேஷன் தியேட்டர்தான் என்னைக் கொல்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, இன்டென்ட்டும் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) ரிப்போர்ட்டும்தான். அந்தப் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் தூக்கம் போனதைப் பற்றிச் சொன்னதும், "இது என் வேலை இல்லை, தெரபிஸ்ட்டைப் பாருங்கள்" என்றார். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறேன் என்கிற கோச்சுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்புறம், நீங்களே அல்ப்ரசோலம் (பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை) எழுதிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் கூட்டத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது.

எதிர்_அறை:
நான் மனநல மருத்துவர். (உங்கள் எதிர் அறை இல்லை, பயப்படாதீர்கள்.) முதலில் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தத் திரியில் காத்திருக்காமல் இப்போதே 14416க்கு அழையுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

இல்லை என்றால், நீங்கள் சொல்வது இரண்டு விஷயம். நோயாளியிடம் எரிந்து விழுவது பர்ன்அவுட்டில் (வேலை அழுத்தத்தால் முழுக்கச் சோர்ந்துபோவது) வரும். மாஸ்லாக் என்ற உளவியலாளர் அதற்குச் சொன்ன மூன்று கூறுகளில் ஒன்று, எதிரே இருப்பவரை மனுஷியாகப் பார்க்க முடியாமல் போவது. உலக சுகாதார நிறுவனமும் ஐசிடி-11 என்ற தன் நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அங்கே கோச்சிங் உதவலாம். அமெரிக்காவில் 88 மருத்துவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. தொலைபேசியில் 6 அமர்வு, உணர்வு ரீதியான களைப்பு குறைந்தது. சிறிய ஆய்வுதான்.

2.40 வேறு. அந்த மரணம் உங்களுக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு தெரபி (பேச்சுவழி சிகிச்சை) வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும். வெளியூர் ஆளை வீடியோவில் பாருங்கள், மருந்தை வெளியூர்க் கடையில் வாங்குங்கள். ரகசியம் காப்பது 2017 மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை. வேலையை விடுவதா என்பதைத் தூக்கம் வந்த பிறகு முடிவு செய்யலாம்.

லீட்ஸ்_பனி:
இங்கிலாந்தில் டாக்டர்களுக்கென்றே தனிச் சேவை இருக்கிறது, 2008இல் லண்டனில் ஆரம்பித்தது. மேலதிகாரிக்குச் சொல்லாமல் நாமே போகலாம். நான் போனேன். காத்திருப்பு அறையில் என் பழைய கன்சல்டன்ட் (எனக்கு மேலிருந்த மூத்த டாக்டர்) உட்கார்ந்திருந்தார்! இருவரும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டோம்.

சீமாங்க்_இரவு:
எல்லாருக்கும் நன்றி. எதிர்_அறை சார், அந்த எண்ணம் இல்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது எங்கேயாவது மோதி ஒரு மாதம் படுத்துக் கிடந்தால் தேவலை என்று இரண்டு தடவை தோன்றியது. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தே 14416க்கு அழைத்துப் பேசினேன். கோயம்புத்தூரில் ஒரு தெரபிஸ்ட், செவ்வாய் மாலை 6 மணிக்கு வீடியோவில். கோச்சுக்கு இப்போதைக்குப் பணம் கட்டவில்லை. வீட்டில் சிஎம்இ (டாக்டர்களுக்கான தொடர்கல்வி) வகுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.